செல் சிக்னலிங் படித்தால் சோறு போடுமா?

சார், மகள் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி வருடம், 'செல் சிக்னலிங்'கில்தான் ஆராய்ச்சி என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைக் கேட்டதும் செல்போன் டவர் சமாச்சாரம் என்று நினைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன்.

நம் உடம்பில் எந்தச் செல்லும் தன்னிஷ்டத்துக்குப் பெருகாது. வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து செல்லின் மேலுள்ள ஏற்பியை, அதாவது சேதி வாங்கும் புரதத்தை, தொட வேண்டும். அந்தச் சேதி உள்ளே கைமாறிக் கைமாறி உட்கருவரை போகும், வேலை முடிந்ததும் அணைந்துவிடும். இதுதான் செல் சிக்னலிங். அணையாவிட்டால்தான் வினை. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற புரதம் உருவாகி, யாரும் சொல்லாமலே 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் விரட்டுகிறது. அதன் வாயை அடைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பலர் சர்க்கரை நோய்க்காரர்களைப் போல மாத்திரையோடு வாழ்கிறார்கள். அதன் காப்புரிமைச் சண்டைகூடச் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் கிளம்பி 2013இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததுதான். காப்புரிமைத் துறையிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு.

ஒளிக்காமல் சொல்கிறேன், பி.எஸ்சி.யோடு நின்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எம்.எஸ்சி. முடித்தால் பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சுமார்தான். சொந்தமாக ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி., ஐந்தாறு வருடம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதி) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. '27 வயதாகியும் படிக்கிறாளா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு நீங்கள் தயாரா?

எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) பயோடெக்னாலஜி, காட்-பி (GAT-B) என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எழுதட்டும். பெயரில் 'கேன்சர்' என்று போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் கோர்ஸ் பக்கம் போகாதீர்கள். எங்கே சேர்ப்பதானாலும், மாணவர்களே கைப்பட செல் வளர்க்கிறார்களா, வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) போடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

அப்புறம், இன்று ராத்திரி அவளிடம் ஒன்று கேளுங்கள்: சிலருக்கு ஏன் இமாடினிப் கேட்காமல் போகிறது? காகிதம் எடுத்து, அந்த பி.சி.ஆர்-ஏ.பி.எல். புரதத்தின் 315ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் மருந்து உட்கார இடமில்லாமல் போவதை வரைந்து காட்டினால், ஜாம் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள். 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிப்பேன்' என்று மட்டும் சொன்னால், முதலில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் கோடை பிராஜெக்ட் செய்யட்டும். பி.எட். எங்கேயும் ஓடிவிடாது.