மாமியாரின் கொள்ளுத்தாத்தாவைத் தேட 1,200 டாலரா?

கேள்வி: டெக்சாசில் இருக்கிறேன், கணவர் அமெரிக்கர். மாமியாருக்கு அடுத்த ஆண்டு 80 வயது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஒஹாயோவில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர், பிறகு கான்சஸில் குடியேறி 1902-ல் இறந்தார். வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். அவர் கதையைத் தொகுத்துப் பரிசாகக் கொடுக்க ஆசை. தேடித் தருவதாகச் சொல்லும் ஒருவர் 1,200 டாலர் கேட்கிறார், குடும்பச் சின்னமும் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) பிரேம் போட்டுத் தருவாராம். கொடுக்கலாமா, இல்லை ஏதாவது தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டினால் போதுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். குடும்பச் சின்னத்தை முதலில் தள்ளிவிடுங்கள். அது தனி ஒருவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டதே தவிர, அதே பெயருள்ள எல்லோருக்கும் சொந்தமில்லை. பிரேமும் கண்ணாடியும்தான் நிஜம், அதற்கா பணம்?

உங்கள் பணம் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அவருடைய பென்ஷன் கோப்பு. முழுக் கோப்பின் நகலுக்கு, முதல் 100 பக்கம் வரை 80 டாலர் (கட்டணம் மாறக்கூடியது, ஆர்டர் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்). 1890-ல் வந்த சட்டப்படி, 90 நாள் படையில் இருந்து பிற்பாடு உடல் உழைப்புக்கு முடியாமல் போனவர்களும் பென்ஷன் கேட்கலாம் என்றானதால் ஏராளமானோர் விண்ணப்பித்தார்கள், உங்கள் ஆளும் கேட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1898-ல் பென்ஷன் அலுவலகம் வீரர்களுக்கு ஓர் அச்சுப் படிவம் அனுப்பியது: மனைவியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன, எங்கே எப்போது யார் கல்யாணம் செய்துவைத்தார், உயிரோடிருக்கும் பிள்ளைகள் யார் யார், பிறந்த தேதிகள் என்ன. அதற்கு அவர் எழுதிய பதில் கோப்பில் இருந்தால், 1,200 டாலர் கொடுத்தாலும் கிடைக்காத விஷயம் அது. மனைவி அவருக்குப் பின்னும் இருந்து பென்ஷன் கேட்டிருந்தால் அக்கம்பக்கத்தார் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்களும் இருக்கும். சில கோப்புகளில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய பக்கமே இருக்கும், ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் வேறு வேறு மையில் எழுதியபடி!

ஆனால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடாதீர்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம் இலவசம். அதில் பென்ஷன் அட்டவணை அட்டையைத் தேடுங்கள், ரெஜிமென்ட்டும் (படைப்பிரிவு) பென்ஷன் எண்ணும், மனைவியும் பென்ஷன் கேட்டிருந்தால் அவர் பெயரும் அதில் இருக்கும். அவர்தானா என்று உறுதிசெய்ய சென்சஸ் உதவும். 1850-லிருந்துதான் அடிமைகள் தவிர்த்து வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் பதிவானது, அதனால் ஒஹாயோவில் சிறுவனாக அப்பா அம்மாவோடு கிடைக்கலாம். 1880-லிருந்து யார் யாருக்கு என்ன உறவு என்பதும் எழுதினார்கள். 1890 சென்சஸ் 1921 தீ விபத்தில் பெரிதும் சேதமாகி, மிச்சமும் பிறகு பெரும்பாலும் அழிக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், கான்சஸ் மாநிலமே தனியாக 1885-லும் 1895-லும் கணக்கெடுத்தது, எந்த மாநிலத்திலிருந்து கான்சஸ் வந்தார், எந்த ரெஜிமென்ட் என்பதுகூட அதில் உண்டு.

அரசிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தால், பட்டாவை மத்திய நில நிர்வாக அலுவலகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சந்தாத் தளம் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் ஆன்செஸ்ட்ரி என்ற சந்தாத் தளம் இலவசம். இலவச சோதனைக்குக் கார்டு எண் கொடுத்தால், ரத்து செய்ய வேண்டிய தேதியை அன்றே காலண்டரில் குறியுங்கள், இல்லையென்றால் ஆண்டுக் கட்டணம் தானாகப் போய்விடும்.

சரி, 1,200 கேட்டவரை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கோப்பு கைக்கு வந்தபின் எங்காவது முட்டிக்கொண்டால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒவ்வொரு தகவலுக்கும் ஆவண நகல் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். நகல் வர மாதக்கணக்கில் ஆகலாம், அட்டை கிடைத்த அன்றே ஆர்டர் போட்டுவிடுங்கள்.