‘பார்த்துவிட்டேன்’ என்னும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமானப் பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நானும் ஒரு மாணவ விமானிதான். உரிமம் பெற இன்னும் சில மாதங்கள் ஆகும். சென்ற வாரம் நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டவர் என்னும் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள, நெரிசலான ஒரு விமான நிலையத்தில் என் பயிற்றுநருடன் சர்க்யூட், அதாவது ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் பயிற்சி, பறந்துகொண்டிருந்தேன். எங்களோடு சேர்த்து ஐந்து சிறு விமானங்கள் சுற்றில் இருந்தன. இடப்புறச் சுற்றின் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகச் செல்லும் பகுதி) ஆயிரம் அடி உயரத்தில் சென்றபோது, டவர் எங்களை இறங்கும் வரிசையில் இரண்டாம் எண்ணாக அறிவித்து, ஃபைனலில் (ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கடைசிப் பகுதி) உள்ள செஸ்னா ரகச் சிறு விமானத்தைத் தொடரச் சொன்னது. இடப்பக்கம் பார்த்தேன்; ஓடுபாதையை நெருங்கி ஒரு செஸ்னா இறங்கிக்கொண்டிருந்தது. ‘டிராஃபிக் இன் சைட்’, அதாவது அந்த விமானத்தைப் பார்த்துவிட்டேன், என்று பதிலளித்தேன். அது எங்களைக் கடந்ததும், டவுன்விண்டையும் ஃபைனலையும் இணைக்கும் குறுக்குப் பகுதியான பேஸுக்குத் திரும்பினேன். அங்கிருந்து ஃபைனலுக்குத் திரும்பத் தொடங்கிய கணத்தில் பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு முழு விசையில் மேலேறினார். எங்களுக்குக் கீழே இன்னொரு செஸ்னா சென்றது. அதன் பதிவெண்ணை என்னால் படிக்க முடிந்தது.

வானம் தெளிவாக இருந்தது, வானொலியில் குழப்பமில்லை, டவர் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது? பிழை டவருடையதா, என்னுடையதா? பயிற்றுநர், “ஒன்றும் ஆகவில்லையே, மறந்துவிடு” என்கிறார். எனக்கு மறக்கவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மறக்காமல் இருப்பதுதான் சரி. பதிவெண்ணைப் படிக்கும் தொலைவில் இன்னொரு விமானம் சென்றது என்றால் அதை ஒன்றும் ஆகாத நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், இரண்டு விமானங்கள் 500 அடிக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கினாலே அதை மோதலிலிருந்து தப்பிய நிகழ்ச்சியாகக் கருதுகிறது. நீங்கள் அதைவிட மிக நெருக்கமாகச் சென்றிருக்கிறீர்கள். உங்கள் பயிற்றுநர் சரியான கணத்தில் தலையைத் திருப்பினார் என்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கணம் இரண்டு வினாடி பிந்தியிருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். மறந்துவிடச் சொன்னது அதனால்கூட இருக்கலாம்.

நடந்தது என்னவென்று நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்த செஸ்னா உண்மையில் முதல் எண் அல்ல. அது ஏற்கெனவே இறங்க அனுமதி பெற்று ஓடுபாதையின் தலைப்பை, அதாவது அதன் தொடக்க முனையை, எட்டிவிட்டது. டவரின் கணக்கில் அது முடிந்துபோன விமானம். டவர் குறிப்பிட்டது, அதற்கும் பின்னால் இரண்டு மூன்று மைல் தொலைவில் நீண்ட ஃபைனலில் வந்துகொண்டிருந்த இன்னொரு செஸ்னாவை. செஸ்னா 172 இதுவரை 44 ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் அது. ஐந்து விமானங்கள் சுற்றும் ஒரு பயிற்சி நிலையத்தில் ‘செஸ்னாவைத் தொடருங்கள்’ என்பது, கூட்டம் நிறைந்த தெருவில் ‘வெள்ளைச் சட்டைக்காரரின் பின்னால் போங்கள்’ என்பதைப் போன்றது. நீங்கள் ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்தீர்கள், பார்த்ததைச் சொன்னீர்கள். டவருக்கு அது நிம்மதியாக இருந்தது, உங்களுக்கும் நிம்மதியாக இருந்தது, அந்த இரண்டு நிம்மதிகளும் இரண்டு வேறு விமானங்களைப் பற்றியவை.

‘டிராஃபிக் இன் சைட்’ என்று சொல்லும்போது நாம் தகவல் மட்டும் சொல்வதில்லை, ஒரு பொறுப்பையும் ஏற்கிறோம் என்பதைப் பயிற்சியில் போதிய அழுத்தத்துடன் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சிறு விமான நிலையங்களைச் சுற்றியுள்ள டி வகை வான்வெளியில், கண்ணால் பார்த்துப் பறக்கும் இரண்டு விமானங்களை வானத்தில் பிரித்து வைப்பது டவரின் கடமை அல்ல. அது வரிசை சொல்லும், அருகில் யார் இருக்கிறார் என்று அறிவிக்கும், ஓடுபாதையில் ஒரே நேரத்தில் இருவர் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். காற்றில் உள்ள இடைவெளி விமானிகளின் கையில் இருக்கிறது. நீங்கள் ‘பார்த்துவிட்டேன்’ என்றதும் கட்டுப்பாட்டாளர் தன் மனத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறார். போகத்தான் வேண்டும், அவருக்கு ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் நடந்தது இதன் மிகக் கொடிய வடிவம். இறங்குவதற்காக வந்துகொண்டிருந்த ஒரு போயிங் 727, பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 172 மீது மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். செஸ்னாவைப் பற்றி ஜெட் விமானிகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அதைப் பார்த்ததாகச் சொல்லியுமிருந்தார்கள். பிறகு அதைக் கண்பார்வையிலிருந்து இழந்தார்கள், இழந்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை. அது வலப்பக்கமாகக் ‘கடந்துவிட்டது’ என்று நினைப்பதாக அவர்கள் சொன்னதை, கட்டுப்பாட்டாளர் ‘கடந்துகொண்டிருக்கிறது’ என்று கேட்டார். இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையிலான அந்த வேறுபாட்டை எண்ணாமல் நான் ஒருநாளும் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்ததில்லை. கடந்துவிட்டது என்றால் இப்போது பார்க்கவில்லை என்று பொருள். கடந்துகொண்டிருக்கிறது என்றால் இன்னும் கண்ணில் இருக்கிறது என்று பொருள்.

டவர் பிழை செய்யாதா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். 2015 ஆகஸ்ட் 16 அன்று அதே சான் டியேகோவின் பிரவுன் ஃபீல்டு நிலையத்தில், சுற்றில் இருந்த ஒரு செஸ்னாவை இன்னொரு செஸ்னா என்று கட்டுப்பாட்டாளர் தவறாக அடையாளம் கண்டார். வழி விலகியது தான் நினைத்த விமானம்தானா என்று உறுதிசெய்துகொள்ளும் முன்பே, ஒரு சேபர்லைனர் ஜெட்டைத் திரும்பச் சொன்னார். இரண்டு விமானங்களிலும் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். உங்களுக்கு நேர்ந்ததும் அதே வகைப் பிழைதான். ஒரேபோலத் தோன்றும் இரண்டில் தவறானதைப் பிடித்துக்கொண்டது. அங்கே அது டவரில் நேர்ந்தது, இங்கே உங்கள் இருக்கையில். ஆகவே யாருடைய பிழை என்னும் கேள்விக்கு என் நேர்மையான பதில்: சொல் உங்களுடையது, ஆனால் எத்தனை மைல் ஃபைனலில் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் டவர் உங்களைக் காப்பாற்றியிருக்கும், ஃபைனலுக்குத் திரும்பும் முன் வலப்பக்கம் பார்க்க வைத்திருந்தால் பயிற்றுநர் காப்பாற்றியிருப்பார்.

வலப்பக்கம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். இடப்புறச் சுற்றில் ஓடுபாதை எப்போதும் இடப்பக்கம் இருக்கிறது. மாணவர் இடது இருக்கையில் அமர்கிறார், இறங்கும் கவலை முழுவதும் இடப்பக்கத்தில் இருக்கிறது, கண்ணும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பேஸில் செல்லும்போது, நீண்ட ஃபைனலில் நேராக வருகிறவர் வலப்பக்கத்திலிருந்து வருகிறார். அவரைப் பார்க்கப் பேஸின் தொடக்கத்திலேயே வலப்பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். இதோடு விமானத்தின் உடலமைப்பும் சேர்ந்துகொள்கிறது. உயர்இறக்கை விமானத்தை இடப்பக்கம் சாய்த்தால் தாழ்கிற இறக்கை, நீங்கள் திரும்பப்போகிற திசையையே மறைத்துவிடுகிறது; ஆகவே திரும்புவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். கீழே சென்ற செஸ்னாவின் விமானிக்கோ, தலைக்கு மேல் இருந்த உங்களைத் தன் இறக்கையைத் தாண்டிப் பார்க்க வழியே இல்லை. நீங்கள் அவரையும் அவர் உங்களையும் பார்க்க முடியாத நிலையில் ஒரே கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தீர்கள்.

கண்ணைப் பற்றியும் நாம் மிகையான நம்பிக்கை வைத்திருக்கிறோம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்று, ஒரு பொருளைக் காண்பதிலிருந்து விமானம் உண்மையில் விலகத் தொடங்குவது வரை 12.5 வினாடி ஆகும் என்று கணக்கிடுகிறது. அதில் கண்ணுக்கு ஆவது பத்தில் ஒரு வினாடிதான். மோதும் பாதையில் இருக்கிறோம் என்று உணர்வதற்கு 5 வினாடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 வினாடி. தலா 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு சிறு விமானங்கள் அந்த 12.5 வினாடியில் ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக நெருங்கிவிடும். அவ்வளவு தொலைவில் 11 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு செஸ்னா முழுநிலவின் அகலம்தான் தெரியும். அதுவும் நிலவைப் போல வட்டமாக அல்ல, நிலவின் குறுக்கே இழுத்த ஒரு நூலைப் போல. மேலும், மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகர்வதே இல்லை. நகர்வதைத்தான் நம் கண் எளிதில் பிடிக்கும். நகராத புள்ளி கடைசி சில வினாடிகளில் திடீரென்று பெரிதாகும்வரை பூச்சியோ கறையோ என்றே தோன்றும்.

இதனால்தான் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பது இவ்வளவு முக்கியமாகிறது. ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு விசாரணைப் பணியகம் 1991-இல் வெளியிட்ட அறிக்கை, தகவல் பெற்றுத் தேடுபவரின் பார்வை, தகவலின்றித் தேடுபவரின் பார்வையைவிட எட்டு மடங்கு பயனுள்ளது என்று குறிப்பிட்டது. பிற விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் திரைகள் இப்போது சிறு விமானங்களிலும் வந்துவிட்டன. அவை நல்லவை, வாய்ப்பிருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் ஃபைனலில் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே வராதீர்கள். சுற்றில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல் வானொலிதான். உங்களுக்கான அழைப்பை மட்டும் கேட்காமல் மற்றவர்களுக்கான அழைப்புகளையும் கேட்டு, ஐந்து பேரும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொண்டே இருங்கள். அன்று உங்களுக்கு முன் ஒருவர், மூன்று மைல் ஃபைனல் என்றோ நேராக இறங்க வருகிறேன் என்றோ நிச்சயம் சொல்லியிருப்பார். அது காதில் விழுந்திருந்தால், தலைப்பருகே கண்ட செஸ்னா உங்களுக்குரியது அல்ல என்று உடனே ஐயம் எழுந்திருக்கும்.

ஐயம் எழுந்தால் என்ன சொல்வது? ‘நெகடிவ் காண்டாக்ட்’ (இன்னும் பார்க்கவில்லை) என்று சொல்லுங்கள், அல்லது ‘தலைப்பருகே உள்ள செஸ்னாவா, பின்னால் வருபவரா’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். நானும் கூச்சப்பட்டிருக்கிறேன்; பயிற்றுநராகி ஆண்டுகள் பல ஆன பிறகும் ஒருமுறை, அலைவரிசை நெரிசலாக இருந்தது என்னும் ஒரே காரணத்துக்காகப் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, டவுன்விண்ட் முழுவதும் வயிறு கலங்கத் தேடிக்கொண்டு சென்றிருக்கிறேன். அன்று எதுவும் நேராதது என் திறமையால் அல்ல. பார்க்கவில்லை என்று சொன்னால் டவர் செய்யப்போவதெல்லாம் டவுன்விண்டை நீட்டச் சொல்வது, பேஸுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தானே சொல்வது. அதிகம் போனால் ஒரு கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலேறி மீண்டும் சுற்றிவருவது. சில நிமிட எரிபொருள் செலவாகும், அவ்வளவுதான்.

அறிக்கை எழுதுங்கள். அமெரிக்காவில் நாசா 1976 முதல் விமானிகளின் ரகசிய அறிக்கைகளைப் பெற்றுவருகிறது; பிரிட்டனில் இதற்கென்றே ஒரு வாரியம் யாருடைய பெயரையும் சொல்லாமல், யாரையும் குற்றம் சாட்டாமல் ஒவ்வொரு நெருக்கத்தையும் ஆராய்ந்து வெளியிடுகிறது. உங்கள் பயிற்சிப் பள்ளியிலும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். எழுதுவதற்கு முன் பயிற்றுநருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம், அவரும் உங்களோடு சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. உங்களைத் தாண்டிக் கீழே சென்ற அந்த மற்றொரு விமானிக்கு இப்படி ஒன்று நடந்தது என்பதே இன்னும் தெரியாமல் இருக்கலாம். எனவே நேரம், உயரம், டவர் சொன்ன சொற்கள், நீங்கள் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘பார்த்துவிட்டேன்’ என்று சொன்னபோது உங்கள் கண்ணில் பட்ட செஸ்னா ஓடுபாதைத் தலைப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதையும் நினைவிலிருந்து நழுவும் முன் குறித்துவிடுங்கள். விசாரிப்பவருக்கு மிகவும் தேவைப்படுவது அந்த ஒரு வரி.

அன்புடன்