குத்துச்சண்டைப் பயிற்சி தெருச்சண்டையில் கைகொடுக்குமா?

பத்து மாதங்களாகக் குத்துச்சண்டை கற்று வருவதாகவும், நாளை தெருவில் யாராவது கைநீட்டினால் இந்தப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா, அதற்காகக் கையில் சுற்றும் துணிக்கட்டும் கையுறையும் இல்லாமல் பஞ்சிங் பேக்கைக் குத்திப் பழகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உதவும் என்பதே என் பதில், ஓர் இரவில் தெருவில் எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் என் வலது கையை இறுக மூடினால் மூன்று விரல் முட்டிகள்தாம் மேலெழும்பித் தெரியும். சுண்டுவிரலின் முட்டி உள்ளே புதைந்து கிடக்கும். அதுவும் அதே இரவில், அதே பயிற்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான். ஆகவே ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலிலேயே சிலவற்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் தொழில்முறை வீரன் அல்லன். அந்தச் சம்பவம் நடந்தபோது நான்கு ஆண்டுகள் பயிற்சி பெற்றிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி, செய்வேன். அமெச்சூர் போட்டிகளில் மூன்று முறை மேடையேறி ஒன்றில் வென்று இரண்டில் தோற்றிருந்தேன். இதைப் பெருமைக்காக எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம்; நெருங்கிய நண்பர்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை நான் இதை விரிவாகச் சொன்னதில்லை. மல்யுத்தமோ ஜூடோவோ கற்றவர்கள் இதைப் படித்துவிட்டு ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்பார்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இரவு பத்தரை மணி இருக்கும். வண்டிகள் நிறுத்துமிடத்தில் என் வண்டியை எடுக்க முடியாதபடி குறுக்கே இன்னொரு வண்டி நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். சற்று நகர்த்திக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன் என்று இன்றும் நம்புகிறேன். வேலை முடித்து வந்த களைப்பில் என் குரல் கடுமையாக ஒலித்திருக்கவும் கூடும். மூவரில் உயரமானவர் குடித்திருந்தார். ‘யாரை நகரச் சொல்கிறாய்?’ என்று கேட்டபடியே வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மறுபடியும் தள்ளத்தான் வருகிறார் என்று நினைத்த நேரத்தில் அவருடைய வலது தோள் பின்னால் போனது.

அந்தத் தோளைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயிற்சியில்லாத ஒருவர் ஓங்கிக் குத்த நினைக்கும்போது முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும், குத்துகிற பக்கத்துத் தோள் பின்னே இழுபடும், உடல் எடை முழுவதும் பின்குதிகாலுக்குப் போய்விடும், மற்றொரு கை இடுப்பருகே தொங்கிவிடும். கை கிளம்புவதற்கு வெகு முன்பே உடல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழகிய எதிராளியின் ஜாப்பில், அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் விரைவான குத்தில், இந்த அறிகுறிகள் எதுவும் இருக்காது. முகத்தில் பட்ட பிறகுதான் வந்ததே தெரியும். அதைப் பல நூறு முறை வாங்கிப் பழகிய கண்ணுக்கு அவருடைய வீச்சு நிதானமாக வருவதுபோலத் தெரிந்தது. நான் அரையடி பின்வாங்கினேன். அவர் முட்டி என் மூக்கைக் கடந்து போக, சட்டைக் கையின் காற்று முகத்தில் பட்டது. அது கடந்த மாத்திரத்தில் என் இடக்கை ஜாப் அவர் வாயில் விழுந்தது. அதன் பின்னாலேயே வலக்கையின் ஓங்கிய நேர்க்குத்தான கிராஸும் போனது. யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. விலகுதல், ஜாப், கிராஸ் என்பது ஆயிரக்கணக்கான முறை ஒரே மூச்சில் செய்து பழகிய வரிசை. முதலாவது நடந்ததும் மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிட்டன.

கிராஸை நான் முகவாய்க்குத்தான் விட்டேன். ஜாப் பட்ட வலியில் அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டதால் அது நெற்றியில் போய் விழுந்தது, அதுவும் சுண்டுவிரல் பக்கமாக. பச்சைக் குச்சி ஒன்று முறிகிற ஓசை என் கைக்குள்ளேயே கேட்டது. அவர் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தார், பிறகு மல்லாந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாமவர் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்தார். அதற்குப் பிறகு நான் கற்றது எதுவுமே எனக்குப் பயன்படவில்லை. சரளைக்கல் முழங்கையில் குத்த, மார்பின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, முகத்தை இரண்டு முன்கைகளாலும் மூடிக்கொண்டு கிடந்தேன். மூன்றாமவர் ஓடிவந்து தம் நண்பரைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் எக்ஸ்ரேயில் சுண்டுவிரலுக்கு நேர்கீழே உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பு அதன் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தது. மருத்துவத்தில் இதற்குப் பெயரே பாக்ஸர்ஸ் ஃபிராக்சர். பெயர் அப்படி இருந்தாலும் பெரும்பாலும் கோபத்தில் சுவரையோ கதவையோ குத்தியவர்களுக்குத்தான் இது வருகிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு உறுத்தியது. நான்கு ஆண்டுகளும் ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகிய முதலிரண்டு முட்டிகளால்தான் குத்த வேண்டும் என்று கற்றவன் நான். ஆனால் கற்றதெல்லாம் நாலரை மீட்டர் துணியால் மணிக்கட்டையும் முட்டிகளையும் சுற்றி, அதன்மேல் 16 அவுன்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு கற்றது. கையுறை எதிராளியின் முகத்தைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள்; அது முதலில் காப்பது குத்துபவரின் கையை. இலக்கு சற்றுத் தவறினாலும் அந்தத் தவற்றை அது விழுங்கிவிடும். வெறுங்கைக்கு அந்தச் சலுகை இல்லை. பயிற்சி போதாமல்தான் என் கை உடைந்தது என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1988 ஆகஸ்டில், உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த மைக் டைசன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடையில் தாம் தோற்கடித்த மிட்ச் கிரீனோடு தெருவில் மோதினார். அந்த மோதலில் அவருடைய வலக்கையிலேயே எலும்பு முறிந்தது. பிரிட்டன் வீரர் பிராங்க் புரூனோவுடன் நடக்கவிருந்த போட்டியும் தள்ளிப்போனது.

தரையில் விழுந்த பிறகு நான் செயலற்றுப் போனதற்கும் காரணம் இருக்கிறது. 1867-இல் வெளியான குயின்ஸ்பரி விதிகள்தாம் இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படை. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுவதற்குப் பத்து நொடி என்பவற்றோடு, மல்லுக்கட்டுவதும் கட்டிப்பிடிப்பதும் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. அதாவது என் இடுப்பைப் பிடித்தவர் செய்ததை எங்கள் விளையாட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வெளியேற்றிவிட்டது. மேடையில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். நடுவர் வந்து பிரிக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். 1993-இல் டென்வரில், பல வகைச் சண்டைக் கலைகளைக் கற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதும் யூ.எஃப்.சி.யின் முதல் போட்டியில், ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிமர்சன், தரைச்சண்டையில் தேர்ந்த ஹாய்ஸ் கிரேசியிடம் தரையில் சிக்கி இரண்டரை நிமிடத்துக்குள் தோல்வியை ஒப்புக்கொண்டார். பல எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனிக்கும் 2010-இல் மல்யுத்தப் பின்னணி கொண்ட ராண்டி கூச்சரிடம் முதல் சுற்றிலேயே அதே கதி நேர்ந்தது.

அப்படியானால் பயிற்சி எனக்கு எதைத் தந்தது? அந்த முதல் வீச்சைப் பார்க்கிற கண்ணையும், அடி விழும்போது கலங்காமல் நிற்கிற மனத்தையும் தந்தது. முதன்முதலாக ஸ்பாரிங் செய்த நாளில் மூக்கில் ஒன்று பட்டதும் கண்ணில் நீர் நிறைந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். முகத்தைத் திருப்பாதே, மூச்சை விடு என்று பயிற்சியாளர் கத்தியது காதிலேயே விழவில்லை. பயந்தவர் மூச்சை அடக்குவார். மூச்சை அடக்கினால் அரை நிமிடத்தில் கை ஈயம்போலக் கனத்துவிடும். அடுத்த மூன்று மாதங்கள் அவர் ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் என் நெற்றியில் கையுறையால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். இமைக்காமல் அவர் தோள்பட்டையைப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கிட்ட வேலை. அந்தப் பத்து நிமிடங்கள்தாம் வண்டி நிறுத்துமிடத்தில் என் பல்லையும் மூக்கையும் காப்பாற்றின.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அக்கா மகள் ஆறு மாதம் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய்த் தற்காப்புச் சான்றிதழோடு வந்தாள். இரு கைகளையும் முகத்துக்கு முன் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் ஒரு கையுறையால் லேசாகத் தொட்டேன். கண்களை இறுக மூடிக்கொண்டு பின்னால் போனாள். ஆறு மாதத்தில் ஒருவர்கூட உன்னை நோக்கிக் கைநீட்டவில்லையா என்று கேட்டதற்கு, பையையும் பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடையும் குத்தியதோடு சரி என்றாள். உடற்பயிற்சிக்காக அப்படிக் கற்பிப்பதில் தவறே இல்லை. வியர்வை வரும், உடல் கட்டுக்கோப்பாகும். ஆனால் திருப்பி அடிக்காத பையைக் குத்த வைத்துவிட்டு, ஒரு பெண்ணிடம் நீ இனித் தனியாகப் போகலாம், உன்னைக் காத்துக்கொள்வாய் என்று எழுதிக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் பத்து மாதத்தில் ஸ்பாரிங் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. என் பதில் பாதிக்கு மேல் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.

அந்த இரவில் எனக்கு இன்றும் அச்சம் தருவது என் கையோ என் மார்பின்மேல் உட்கார்ந்தவரோ அல்ல. உயரமானவர் மல்லாந்து விழுந்த இடத்தில் நடைபாதையின் கல்விளிம்பு இருந்தது. அவர் பின்னந்தலைக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். மேடையில் விழுபவருக்குக் கீழே கித்தான் விரித்த மெத்தை இருக்கும்; தெருவில் கல்லும் சிமென்டும். ஒரே குத்தில் நிலைகுலைந்து, தலை தரையில் மோதி இறந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2014-இல் இதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். போதையில் ஒருவரைத் தாக்கி, அந்த அடியாலோ அடிபட்டுத் தரையில் மோதியதாலோ அவர் இறந்தால் குறைந்தது 8 ஆண்டு சிறை. நான் போதையில் இல்லை, முதலில் கைநீட்டியவனும் நான் இல்லை. இருந்தாலும் அவர் குத்து தவறிய அந்த நொடியில் எனக்குப் பின்னால் வழி திறந்தே இருந்தது. பிறகு என்னைப் பிடித்துச் சாய்த்த இரண்டாமவர் அப்போது இன்னும் வண்டியருகில்தான் இருந்தார். இரண்டு எட்டு வைத்திருந்தால் வெளிச்சத்துக்கும் ஆட்களுக்கும் நடுவே போயிருப்பேன். விலகியவுடன் திருப்பிக் குத்துவது என்று பழகிய உடல், விலகியவுடன் வெளியேறுவது என்று ஒருநாளும் பழகியிருக்கவில்லை.

ஆகவே ஸ்பாரிங்கை விடாதீர்கள். விலகிய பின் குத்தாமல் பக்கவாட்டில் வெளியேறுவதையும் ஒரு வரிசையாகவே பயிற்சி செய்யுங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றில் அதை மட்டும் செய்கிறேன். முடிந்தால் ஆறு மாதமாவது மல்யுத்தமோ ஜூடோவோ கற்று, பிடியிலிருந்து நழுவவும் கீழே விழுந்தால் எழவும் பழகுங்கள். பெரிய கையுறைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தையும், இடுப்பிலிருந்து ஆழமாகக் குனியும் பழக்கத்தையும் தெருவுக்குக் கொண்டு போகாதீர்கள். வெறுங்கைகளுக்கு இடையே குத்து எளிதாக நுழையும், குனிந்த முகத்துக்கு முழங்கால் வரும்.

வெறுங்கையால் பையைக் குத்தலாமா என்ற கேள்விக்கு: மணிக்கட்டு நேராக நிற்கிறதா, முதலிரண்டு முட்டிகள் படுகின்றனவா என்று பார்ப்பதற்காக மட்டும், கால்வாசி வலுவில், வாரத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். முழு வலுவில் பழக வேண்டுமென்றால் விரல்களை முட்டியாக மடக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்துப் பழகுங்கள். கை குணமான பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.