100 மெகாஹெர்ட்ஸ் கேபிளில் 1000 மெகாபிட் எப்படிப் போகிறது?

கேள்வி இதுதான்: மறுவிற்பனையில் வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சுவருக்குள் கேட் 5ஈ என்ற வகை நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது. அது 100 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும் என்கிறார்கள். அப்படியானால் 1 கிகாபிட் அதில் எப்படிப் போகிறது? 10 கிகாபிட் பிளான் எடுத்தால் சுவரை உடைக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் கேபிள் போடுவதுதான் என் வேலை. சுவரை உடைக்கும் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதல் பாதியைத் தெரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பதில் தானாக வந்துவிடும்.

ஹெர்ட்ஸ் வேறு, பிட் வேறு. கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு வேகம்வரை ஏறி இறங்கினால் மறுமுனையில் அடையாளம் தெரியும் என்பதைத்தான் மெகாஹெர்ட்ஸ் சொல்கிறது. ஓர் ஏற்ற இறக்கத்தில் எத்தனை பிட் ஏற்றுவது என்பது இரு முனையிலும் இருக்கும் சிப்பின் வேலை.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 1990-ல் இந்த முறுக்குக் கம்பிக்கு வந்த 10 மெகாபிட் ஈதர்நெட்டில் (கேபிள்வழி நெட்வொர்க் முறையில்) மான்செஸ்டர் குறியீடு இருந்தது. ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மின்னழுத்தம் கட்டாயம் மாறும். பெறும் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டே நேரம் தவறாமல் ஓடும். நம்பகமான முறைதான், ஆனால் 10 மெகாபிட்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் தின்றுவிடும். இதையே பத்து மடங்காக்கியிருந்தால் கேபிளே ஆன்டெனாவாகி அக்கம்பக்கத்து ரேடியோவைக் கெடுத்திருக்கும்.

அதனால் 1995-ல் வந்த 100 மெகாபிட்டில் வேறு வழி. முதலில் நான்கு பிட்டுக்குப் பதில் ஐந்து பிட் குறியீடு. நான்கு பிட்டுக்குத் தேவை 16 சேர்க்கைகள், ஐந்தில் கிடைப்பது 32. பூஜ்யம் நீளமாகத் தொடராத குறியீடுகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். இதனால் 100 மெகாபிட் 125 ஆகிறது. அப்புறம் எம்எல்டி-3 என்ற முறை. மின்னழுத்தத்துக்கு மேல், நடு, கீழ் என்று மூன்றே நிலைகள். 1 வந்தால் அடுத்த நிலைக்கு நகர வேண்டும், 0 வந்தால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நடு, மேல், நடு, கீழ் என்று ஒரு சுற்று முடிய நான்கு பிட் ஆகும். ஆக, 125-ஐ நான்கால் வகுத்தால் 31.25 மெகாஹெர்ட்ஸ்தான். க்ரெசெண்டோ என்ற நிறுவனத்தில் பிறந்த யோசனை இது. 1993-ல் சிஸ்கோ முதன்முதலாக விலைக்கு வாங்கிய நிறுவனம் அதுவே.

எனக்கு மிகப் பிடித்தது 1999-ல் வந்த கிகாபிட். அதிலும் சிமிட்டும் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை முறை மின்னழுத்த நிலை மாறலாம் என்பது, அதே 125 மில்லியன்தான். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தே ஒரு ஹெர்ட்ஸ் என்பதால் இது 100 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஒரு துளிகூடக் கூட்டவில்லை. கூட்டியது மற்ற எல்லாவற்றையும். இரண்டு ஜோடிக்குப் பதில் நான்கு ஜோடியும் வேலை செய்கின்றன. மூன்று நிலைக்குப் பதில் ஐந்து. நான்கு ஜோடியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிமிட்டலில் 625 சேர்க்கைகள் கிடைக்கும். 8 பிட்டுக்கு 256 போதும். 125-ஐ எட்டால் பெருக்கினால் 1000 மெகாபிட். மிச்சம் வீண் போகவில்லை. நிலைகள் நெருங்கிவிட்டதால் இரைச்சலுக்கு எதிரான பலம் 6 டெசிபல் குறைந்திருந்தது. ட்ரெல்லிஸ் என்ற பிழைதிருத்தக் குறியீடு அந்த மிச்சச் சேர்க்கைகளில் ஒரு பகுதியை வைத்தே, இழந்த 6 டெசிபலையும் ஏறக்குறைய மீட்டுத் தருகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர்களை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இன்னொன்று: ஒவ்வொரு ஜோடியிலும் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தேக்கா சந்தையில் மீன்காரரோடு விலை பேசும்போது இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் அவர் சொன்னது நமக்குப் புரிகிறதல்லவா? நம் குரல் எதுவென்று நமக்குத் தெரியும். சிப்பும் தான் அனுப்பியதன் எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறது. மற்ற மூன்று ஜோடிகளில் தான் அனுப்பியது இங்கே கசிவதையும் அப்படியே கழித்துவிடும்.

நான்கு ஜோடியும் வேண்டும் என்பது வேலையில் அடிக்கடி முன்னால் வந்து நிற்கும். பொங்கோலில் ஒரு வீட்டில் படுக்கையறை டேட்டா பாயின்ட் (சுவரில் கேபிள் செருகும் இடம்) 100 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. ரவுட்டரை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். முகப்பைக் கழற்றினால், பழுப்பு ஜோடியின் வெள்ளைக் கம்பி பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. தகடு அதன் உறையை வெட்டவே இல்லை. வேகத்தைப் பேசி முடிவு செய்வது ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டுமே. இரு பக்கமும் கிகாபிட்டுக்கு ஒத்துக்கொள்ளும். பழுப்பில் ஆளில்லை என்றதும் 100-க்கு இறங்கிவிடும். கம்பியைப் பள்ளத்தில் அழுத்தும் பஞ்ச் டவுன் கருவியால் ஒரு அழுத்து, சரியாகிவிட்டது. கையோடு, நீளமாகப் பிரித்துவிட்டிருந்த முறுக்கையும் குறைத்தேன். முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. ஜோடிக்கு ஜோடி கசிவைத் தடுப்பதே அந்த முறுக்குதான்.

இப்போது 10 கிகாபிட். 10 கிகாபிட் கட்டமைப்புக்கு 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024-ல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து இதைக் கேட்பவர்கள் அதிகம். ஃபைபர் வீட்டுக்குள் வந்து பெட்டியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு செம்புதான். செம்பில் 10 கிகாபிட் 2006-லேயே வந்துவிட்டது. அதில் 16 நிலைகள், விநாடிக்கு 80 கோடி சிமிட்டல், எல்டிபிசி என்ற கனமான பிழைதிருத்தம். இவ்வளவு கணக்குப் போடுவதால்தான் அந்தச் சிப்புகள் சுடுகின்றன. இங்கே பெரிய எதிரி பக்கத்துக் கேபிளின் கசிவு. அதில் என்ன போகிறது என்று இந்தச் சிப்புக்குத் தெரியாது, கழிக்கவும் வழியில்லை. கேட் 6ஏ கேபிளின் கூடுதல் தடுப்பு இதற்காகவே. 6ஏ 100 மீட்டர் வரை, சாதாரண கேட் 6 ஏறக்குறைய 55 மீட்டர் வரை.

வீவக வீட்டில் 55 மீட்டர் ஓடும் கேபிளை நான் பார்த்ததில்லை. கட்டுக்கட்டாகக் கேபிள்கள் சேர்ந்து கிடப்பதும் இல்லை. ஆகவே சுவருக்குள் இருப்பது கேட் 6 என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுடையதுபோல் கேட் 5ஈ என்றால் 10-க்கு உத்தரவாதம் கிடையாது. குறைந்த தூரத்தில் பல நேரம் ஓடிவிடும். ஓடாவிட்டால் 2.5 கிகாபிட்டுக்கு வாருங்கள். 10 கிகாபிட்டின் அதே 16 நிலைகள்தான், கால்பங்கு வேகத்தில். 2016-ல் வந்த இந்தத் தரநிலை கேட் 5ஈயில் 100 மீட்டர் தாங்கும்படியே எழுதப்பட்டது. வீட்டில் இருக்கும் லேப்டாப், டிவி எதற்கும் அதற்குமேல் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. பெரிய கோப்புகளை நாள் முழுதும் நகர்த்துபவர் என்றால், அந்த ஓர் அறைக்கு மட்டும் டிரங்கிங் (சுவர்மேல் ஒட்டும் கேபிள் உறை) போட்டு 6ஏ இழுத்தால் போதும். எதற்கும் முதலில் முகப்பைக் கழற்றி எட்டுக் கம்பியும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறையில் அச்சிட்டிருப்பது 5ஈயா 6ஆ என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.