பனிக்காலத்து அரங்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். டிசம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வகுப்பு முடிந்ததும் அறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஆனால் மின்னஞ்சலைத் திறந்தால் தினமும் பத்து அழைப்புகள். இன்று ஐஸ் ஹாக்கி, நாளை இசைத்துறை மாணவர் கச்சேரி, மறுநாள் வரலாற்றுத் துறையில் சொற்பொழிவு, நடுவில் நாடகம், ஓவியக் கண்காட்சி. இந்தக் குளிரில் இவற்றுக்கெல்லாம் யார் போகிறார்கள் என்றே தெரியவில்லை.

"கடன் வாங்கிப் படிக்க வந்திருக்கிறோம், வேடிக்கை பார்க்க அல்ல" என்கிறார்கள் அறைத்தோழிகள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஒருமுறை தனியாக ஒரு சொற்பொழிவுக்குப் போனேன். பாதி புரியவில்லை, கேள்வி நேரம் தொடங்கும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். இவற்றுக்குப் போவதால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? போவதென்றால் எதற்குப் போவது? ஹாக்கியின் விதி ஒன்றுகூடத் தெரியாமல் போய் உட்கார்ந்தால் அசடு வழியாதா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் அறைத்தோழிகளின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடன் கடன்தான், அதை நான் வந்து அடைக்கப்போவதில்லை. ஆனால் கதவைச் சாத்தி நீங்கள் மிச்சப்படுத்தும் மாலைப்பொழுது முழுக்கப் படிப்புக்கா போகிறது? பாதிக்குமேல் கைப்பேசி தின்றுவிடும் என்பது என் ஊகம். அந்தப் பாதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குளிரில் யார் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். குளிர் இருப்பதால்தான் போகிறார்கள். கூடைப்பந்து பிறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்துவிட்டது. பேஸ்பால் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நடுவில் பனி. கூடத்துக்குள் ஒரே தண்டால், ஒரே கர்லாக்கட்டை என்று சலித்துப்போன 18 இளைஞர்கள் ஆசிரியர்களை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே ஆடத்தக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடி என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார்கள். அவர் 13 விதிகளை எழுதினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்தளக் கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அந்தச் சுவர் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் பத்தடியில்தான் இருக்கிறது. (நைஸ்மித் பிற்பாடு கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்ட ஒரே பயிற்றுநர் அவர்தான். விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி.)

நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் 1909இல் மாணவர் ஒருவர் முன்கையெடுத்து வெளிப்புற மன்றம் ஒன்றைத் தொடங்கினார். பனிக்காலத்தில் அறைக்குள் அடைந்து கிடக்கும் சக மாணவர்களை வெளியே இழுப்பதுதான் அவர் நோக்கம். அதிலிருந்து 1911இல் குளிர்கால விழா முளைத்தது; பனிச்சறுக்குப் போட்டிகளும் பனிச்சிற்பங்களுமாக இன்றும் நடக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1983 முதல் ஜனவரியில் ஒரு வாரம், விடியற்காலை ஆறு மணிக்கு மாணவர்கள் உடற்பயிற்சிக்குக் கூடுகிறார்கள். அதில் சூரிய நமஸ்காரமும் உண்டு! கடைசி நாளில் மிச்சிகன் ஏரிக்கரை வரை நடந்துபோய்ச் செய்கிறார்கள். உதிப்பானா மாட்டானா என்று உறுதியில்லாத சூரியனுக்கு உறைபனியில் நின்று நமஸ்காரம். நம் ஊர் யோகா ஆசிரியர்கள் பார்த்தால் கண் கலங்கிவிடுவார்கள்.

பனி எல்லோரையும் உள்ளே தள்ளுகிறது. தள்ளப்பட்டவர்கள் ஆளுக்கொரு அறையில் முடங்குவதா, ஒரே கூரையின்கீழ் வந்து உட்காருவதா? உங்களுக்கு வரும் பத்து மின்னஞ்சல்களும் இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் விடை.

சொற்பொழிவுகளுக்கு வருகிறேன். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்கத் துறைகளில் நடக்கும் உரைகளில் கணிசமானவை வேலைக்கான தேர்வுகள். பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசவைப்பார்கள். ஐந்தாறு வருட உழைப்பை ஐம்பது நிமிடத்தில் இறக்கிவைக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் அவருடைய பிழைப்பு இருக்கிறது. அவ்வளவு உயிரைக் கொடுத்துத் தயாரித்த உரை ஆண்டின் மற்ற மாதங்களில் அபூர்வம். பல துறைகளில் மாணவர்களும் போய் உட்காரலாம். உங்கள் துறை அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன் எழுந்து வந்துவிட்டீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. உரை எழுதித் தயாரித்தது, கேள்வி நேரம் அப்படி இல்லை. வயதான பேராசிரியர் ஒருவர், அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவர், மெல்லக் கையைத் தூக்கி "இரண்டாவது படத்துக்குத் திரும்பிப் போகமுடியுமா?" என்பார். பேசியவர் முகம் மாறும். படம் திரும்ப வரும். அடுத்த ஐந்து நிமிடங்களில் அந்த ஆய்வு எங்கே பலமானது, எங்கே ஓட்டை என்பது வெளியாளுக்கும் தெரிந்துவிடும். பாதி புரியாதது ஒரு குறையே அல்ல. சுற்றி உட்கார்ந்து தலையாட்டுபவர்களிலும் பாதிப்பேருக்குப் பாதிதான் புரிகிறது.

கேட்பவர்கள் குறைவாக இருப்பதையும் ஒரு குறையாக எண்ணவேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்தார். அது விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோ வளாகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 1940களில், பனிக்காலத்திலும் அங்கிருந்து காரோட்டி வந்து, இரண்டே மாணவர்கள் பதிவுசெய்திருந்த ஒரு பாடத்தை நடத்தினார் என்று அந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்த இருவர் லீயும் யாங்கும். 1957இல் இருவருக்கும் சேர்ந்தே இயற்பியல் நோபல் கிடைத்தது, ஆசிரியருக்கு 1983இல். வகுப்பு முழுவதும் ஆசிரியருக்கு முன்பே நோபல் வாங்கிவிட்டது என்பது இந்தக் கதையின் நகைச்சுவை. எனக்குப் பிடித்தது அதுவல்ல. இரண்டு பேருக்காக அவ்வளவு தூரம் போவானேன் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதான்.

இசைத்துறைக் கச்சேரிகள் உங்கள் பட்டியலில் இருப்பவற்றிலேயே மிகவும் புறக்கணிக்கப்படுபவை. பட்டத்துக்கான கட்டாயத் தேர்வாக மாணவர்கள் பலர் தனிக்கச்சேரி தரவேண்டும். பெரும்பாலும் இலவசம். ஒரு குளிர்காலத்தில் நானும் ஒரு வடக்கத்திய வளாகத்தில் தங்கியிருந்தேன். அங்கே செலோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசிக்கும் ஒரு மாணவியின் கச்சேரிக்குப் போனபோது பத்துப்பேர்கூட இல்லை. பெற்றோர், ஆசிரியர், இரண்டு தோழர்கள், நான். காலி இருக்கைகளில் எல்லாம் கனத்த கோட்டுகள் உட்கார்ந்திருந்தன. கருவியும் குளிரிலிருந்து வந்ததுதானே, சுருதி நிற்கவில்லை. முதல் பகுதி முடிந்ததும் அவள் நிதானமாக மறுபடி சுருதி சேர்த்தாள். பியானோக்காரருக்குத் தாள் புரட்டிய பையன் அவளைவிடப் பதற்றமாக இருந்தான். மேடைக்கும் எனக்கும் நான்கடி. வில் தந்தியைத் தொடுவதற்கு முன் அவள் மூச்சை இழுத்தது கேட்டது. பெரிய மண்டபத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கேட்காது.

எதற்குப் போவது என்ற கேள்விக்கு என் பதில்: எல்லாவற்றுக்கும் போகாதீர்கள். தினம் ஒன்றாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் பிப்ரவரியில் களைத்துப்போய் மறுபடி கதவைச் சாத்திவிடுவீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் நடக்கும் ஒரு சொற்பொழிவுத் தொடர், அல்லது ஒரே ஓர் அணியின் உள்ளூர் ஆட்டங்கள். உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால் நல்லது. தற்குறிப்பில் எழுத உதவுமா என்று பார்த்துப் போகவேண்டாம், அதற்கு உங்கள் துறையே போதும். ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போகிறவரைத்தான் மற்றவர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நான்காம் வாரம் யாராவது ஒருவர் "போன வாரம் காணோமே" என்பார். தனியாகப் போகும் கூச்சம் அதோடு போய்விடும். அறைத்தோழிகளை வற்புறுத்தி இழுத்துப்போகாதீர்கள்; இடைவேளையில் கிளம்பலாம் என்பார்கள், உங்களையும் கிளப்பிவிடுவார்கள்.

கடைசியாக ஹாக்கி. அசடு வழியாது, ஏனென்றால் யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். இரண்டு விதிகள் தெரிந்தால் போதும். எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டை முதலில் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) தாண்டவேண்டும். அதற்கு முன்பே தாக்கும் ஆட்டக்காரர் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. நடுக்கோட்டுக்கு இந்தப்புறமிருந்தே பக்கை அடித்து, யாரும் தொடாமல் எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டவைத்தால் ஐசிங். ஆட்டம் அடித்த அணியின் பக்கமே திரும்பி வந்து தொடங்கும். விசில் அடிக்கடி ஊதுவது இந்த இரண்டுக்காகவும்தான். ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்குள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம், அது இயல்பு. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். இடைவேளைகளில் ஒரு வண்டி பனித்தளத்தின் மேற்பரப்பைச் சீவிவிட்டு வெந்நீர் ஊற்றிப் புதிதாக்கும். கூட்டம் மொத்தமும் அதைக் கண்கொட்டாமல் பார்க்கும். நீங்களும் பாருங்கள், நன்றாக இருக்கும்.

முதலில் பெண்கள் அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், கண்ணாடித் தடுப்பையொட்டி இடம் கிடைக்கும், மாணவர்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டும் கேட்கமாட்டார்கள். உள்ளேதானே என்று கோட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள். பனித்தளத்தை உறையவைத்திருக்கும் அரங்கு அது, உள்ளேயும் குளிரும்.

அன்புடன்