எட்டுச்செலவுச் சோறும் பவுலும்

வணக்கம் ஐயா,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். 2009இல் முகாமில் இருந்தபோது அம்மாவும் நானும் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தோம். அம்மம்மா கடைசிவரை சைவமாகவே இருந்தார். போன மாதம் தவறிவிட்டார். இறந்தவருக்குப் படைக்கிற எட்டுச்செலவன்று அவருக்குப் பிடித்த பனங்காய்ப் பணியாரமும் சோறு கறியும் படைத்துவிட்டு, மாமி எனக்கும் இலை போட்டார். படைத்ததை உண்ணக்கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தபடியால், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாமி என்னோடு கதைப்பதில்லை. அடுத்த கிழமை அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. போகலாமா? இரட்சிக்கப்படாமல் இறந்த அம்மம்மா நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்கிறார் பாஸ்டர். 'நானே வழி' என்று இயேசு சொன்ன பிறகும், உங்களைப் போல எல்லாரையும் அணைத்து எழுதுவது விசுவாசக் குறைவு இல்லையா? உங்கள் பதிலைப் பாஸ்டரிடம் காட்டலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

போங்கள். அந்தியேட்டிக்கு முன்பே ஒருநாள் மாமி வீட்டுக்கும் போங்கள்.

சோற்றை முதலில் எடுக்கிறேன். உங்களுக்கு வந்த சிக்கல் கொரிந்து பட்டணத்தின் முதல் கிறிஸ்தவர்களுக்கும் வந்தது. அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பங்கு கோயில்களில் பலியிட்டது. வாங்கலாமா, உறவினர் வீட்டில் போட்டால் உண்ணலாமா என்று அப்போஸ்தலர் பவுலிடம் கேட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8ஆம், 10ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை, உணவு நம்மைக் கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை என்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் போய், முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் உண்ணுங்கள் என்கிறார். அதே 10ஆம் அதிகாரத்தில், பேய்களின் பந்தியில் பங்குகொள்ளாதீர்கள் என்றும், 'இது படைத்தது' என்று ஒருவன் சொன்னால் உண்ணாதீர்கள் என்றும் இருக்கிறது. ஆகவே உங்கள் பாஸ்டர் தன் வாயிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வரியையும் அவர் வாசித்திருக்க வேண்டும். உன்னுடைய மனச்சாட்சிக்காக அல்ல, அந்த மற்றவனுடைய மனச்சாட்சிக்காகவே உண்ணாதே என்று சொல்கிறேன் என்கிறார் பவுல். அவருடைய கவலை முழுவதும் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பற்றியது. கொரிந்தில் உண்பதால் ஒருவன் இடறினான். விசுவமடுவில் உண்ணாமல் எழுந்ததால் மாமியின் மனம் முறிந்தது. அதுவும், அந்தப் பணியாரம் எந்தத் தெய்வத்துக்கும் படைத்ததல்ல. உங்கள் அம்மம்மாவுக்குப் படைத்தது.

இவ்வளவு சொல்லியும் உங்கள் மனம் ஒப்பவில்லையானால் உண்ண வேண்டாம். யாரும் வாயில் திணிக்க முடியாது. 'மாமி, படைக்க முதல் எனக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கோ' என்று கேட்டிருந்தால் அவர் எடுத்து வைத்திருப்பார் என்பது என் எண்ணம். எனக்குப் பிடிக்காதது அந்த வயிற்றுப் பொய் ஒன்றுதான்.

'நானே வழி' என்பது யோவான் 14இல் வருகிறது. கடைசி இராப்போசனம் முடிந்து, இயேசு போகப்போகிறார் என்று தெரிந்து சீடர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். 'உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக' என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. வழி தெரியாதே என்று தோமா தவிக்கிறான். அவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. அதை நானும் முழுதாக நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன் நான். அந்த வசனத்தைச் செத்தவீட்டு வாசலில் நின்று செத்தவருக்கு எதிராக வாசிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நரகத்தைப் பற்றி. எங்கள் திருச்சபையும் ஒரு காலத்தில் உங்கள் பாஸ்டரைப் போலத்தான் பேசியது. 1442இல் புளோரன்ஸ் சங்கம் (சங்கம் என்றால் ஆயர்களின் பொதுப்பேரவை), திருச்சபைக்கு வெளியே இறப்பவர்கள் நித்திய நெருப்புக்கே போவார்கள் என்று எழுதிவைத்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்தும் நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்றது. அடுத்த ஆண்டு, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் தள்ளுவதில்லை என்றது. அந்த மாற்றத்துக்கு ஐந்நூறு வருடம் பிடித்தது. பாப்பரசர் பக்கத்துச் சங்கதி வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லக்கூடும். அவருக்கு அப்போஸ்தலர் 10 இருக்கிறது. உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டு வாசற்படி தாண்டிய பிறகுதான், 'தேவன் பட்சபாதமுள்ளவரல்ல' என்பது பேதுருவுக்கே விளங்கியது. யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பேராயராயிருந்த குலேந்திரனின் உதாரணமும் இருக்கிறது. கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னவென்று ஒப்பிட்டு 1964இல் ஒரு நூலே எழுதினார். சைவத்தைப் படித்ததால் அவருடைய விசுவாசம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

உங்கள் அம்மம்மா எங்கே போனார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கும் அதிகாரமில்லை, பாஸ்டருக்கும் இல்லை. அதே நேரம், எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்றும் நான் எழுதமாட்டேன். அம்மம்மாவே அதை ஒப்பியிருக்கமாட்டார். நீங்கள் சபையில் சேர்ந்தபோதும் அவர் சேராமல் இருந்தாரே, வேறுபாடு தெரிந்துதானே இருந்தார்?

வன்னியில் இதெல்லாம் புதிதல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தியபோதுதான், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபம் மடுக் காட்டுக்குப் போனது. துரத்தியவர்களும் கிறிஸ்தவர்களே. பிறகு ஒளிந்து மறைந்து பூசை வைத்த யோசேவாஸ் சுவாமிக்கு இடம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த அரசர். இன்றும் ஆவணித் திருநாளுக்கு மடுவில் போய்ப் பாருங்கள். மரத்தடியில் கூடாரம் அடித்துக் கல்லடுப்பு மூட்டியிருக்கிற குடும்பங்களில் திருநீற்று நெற்றிகளும் இருக்கும். பாம்புக்கடிக்கு மருந்து என்று கோயில் மண்ணை முடிந்துகொண்டு போவதில் சமய வித்தியாசம் கிடையாது. (அந்த மண்ணை நம்பி வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.)

இதைச் சொல்லி வன்னியைச் சொர்க்கமாகக் காட்டவும் வெட்கமாயிருக்கிறது. 2019இல், மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வழியில் வைத்த வளைவைப் பிடுங்கி எறிந்தவர்கள் சபைக்காரர்கள் அல்ல, எங்கள் கத்தோலிக்க ஆட்கள். அதனால் உங்கள் பாஸ்டருக்கு உபதேசம் செய்யும் உயரத்தில் நான் நிற்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமில் உங்கள் அம்மாவிடம் வந்து பக்கத்தில் இருந்து அழுதவர்கள் அந்தச் சபையார்தான் என்றால், அந்தக் கடன் பெரியது. எங்கள் பக்கத்துப் பெரிய கோயில்களில் ஒரு விதவை பின்வாங்கில் வருடக்கணக்காக இருந்தாலும் பெயர் கேட்காத ஆட்கள் உண்டு. சபையை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்தியேட்டியன்று சமையற்கட்டில் வேலை நிறைய இருக்கும். காலையிலேயே போய்த் தேங்காய் துருவுங்கள். ஐயர் கிரியை செய்யும்போது நீங்கள் ஒரு பக்கமாக இருந்து உங்கள் முறையில் செபிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

இந்தப் பதிலைப் பாஸ்டரிடம் தாராளமாகக் காட்டுங்கள். அவர் மறுத்து எழுதினால் ஒரு வரியும் வெட்டாமல் இங்கேயே போடுகிறேன். 1 கொரிந்தியர் 10ஐப் பற்றி எழுதுவதானால் கடைசி வசனம்வரை எழுதச் சொல்லுங்கள்.