விரதம் வேறு, வெறும் வயிறு வேறு

ரத்தப் பரிசோதனைக்கு முன்னால், எப்போது சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்று லேப்பில் இருந்து வரும் மெசேஜைப் பற்றிப் போன தடவை போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மாஸ்டர் செக்-அப் கவுன்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

காலையில் ஃபாஸ்டிங் சுகர் டெஸ்ட். வாக்கிங் முடித்து வரும் வழியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் மட்டும் குடிக்கலாமா? (வடக்கு மாசி வீதி வாசகர்)

கூடாது. பெயரில்தான் பால். உள்ளே கருப்பட்டி, அரிசி மாவு, தேங்காய் எல்லாம் இருக்கிறது. அது டிபன். தண்ணீர் குடிக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.

அண்ணா நகரில் சின்ன லேப் வைத்திருக்கிறேன். மக்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே ‘12 மணி நேரம் விரதம் இருந்து வரவும்’ என்று மெசேஜ் அனுப்புகிறோம். அப்படியும் பலர் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் அந்த ‘விரதம்’ என்ற சொல்லை எடுங்கள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், யாரும் கேட்பதாக இல்லை.

விரதம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? சஷ்டிக்கு இருப்பது, சனிக்கிழமை இருப்பது. சோறு சாப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். பால் உண்டு, பழம் உண்டு, ராத்திரிக்கு இரண்டு இட்லிகூட உண்டு. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைப் பார்க்க ரத்தம் கொடுக்க உட்கார்ந்தவர், “அன்னம் தொடவே இல்லை தம்பி, பாலும் ரெண்டு வாழைப்பழமும்தான்” என்று பெருமையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மெசேஜ் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அதே வாரம் இன்னொருவர், விரதம் என்றால் எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு முந்தைய மாலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்து சேர்ந்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினோம். ஒரே சொல், இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம்.

இங்கிலீஷில் எழுதியதை அப்படியே மாற்றினால் இப்படித்தான் ஆகும். குடல் பரிசோதனைக்கு ‘தெளிவான திரவங்கள் மட்டும் அருந்தவும்’ என்று ஓர் இடத்திலிருந்து போகிறது. யாருக்குப் புரியும்? மோரை வடிகட்டிக் குடித்துவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். டம்ளருக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் தெரிய வேண்டும், அதுதான் தெளிவு. இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் விடாத டீ என்று பெயர் சொல்லி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் அந்த 12 மணி நேரம். சர்க்கரைக்கு 8 மணி நேரம் போதும். கொழுப்புக்கு டாக்டர் வெறும் வயிறு கேட்டிருந்தால் 10, 12. மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி-க்கு எதுவுமே வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். எல்லாருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிடுவது சோம்பேறித்தனம். இன்சுலின் போடும் எழுபது வயதுக்காரரை உங்கள் வசதிக்காகக் கூடுதலாக நாலு மணி நேரம் பட்டினி போட்டால், மயங்கி விழுவது உங்கள் வாசலில்தான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நாளை காலை 7 மணிக்கு ரத்தப் பரிசோதனை. இன்று இரவு 9 மணிக்குள் சாப்பாடு முடியட்டும். பிறகு காபி, டீ, பால் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம்.’ மணி இருக்கிறது, காபி என்று பெயர் இருக்கிறது, தண்ணீருக்கு அனுமதி இருக்கிறது. ‘வெறும் வயிறு’ என்றுகூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? காபியை வயிற்றுக்குள் போகிற பொருளாகவே எண்ணாத ஊர் இது.

தமிழில் மெசேஜ் அனுப்பினால் கட்டணம் இரண்டு, மூன்று மடங்கு வருகிறது. ஏன்? (ஒரு கிளினிக் மேனேஜர், சிம்மக்கல்)

இங்கிலீஷ் எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இடம். தமிழுக்கு 70. நீண்டால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதிலும் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வெறும் வயிறு’ கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்பெனிக் கணக்கில் இடைவெளியோடு 12. மேலே நான் எழுதிய மெசேஜ் இரண்டு துண்டில் கச்சிதமாக அடங்கும். உங்கள் கிளினிக் பெயரைச் சேர்த்தால் மூன்று. ஒரு ஆளுக்கு சில பைசாக் கணக்கு. ஒரு டெஸ்ட் வீணானால் போகும் ஊசி, டியூப், நர்ஸ் நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

வாசகத்தை டிஎல்டி என்ற, போன் கம்பெனிகளின் மெசேஜ் பதிவுத் தளத்தில் முன்கூட்டிப் பதிந்தாக வேண்டும் என்பது தெரிந்திருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறையிலிருந்து வந்த ஏற்பாடு. பதிந்ததற்கு மாறாக ஒரு வார்த்தை போனாலும் மெசேஜ் நின்றுவிடும். ஆகவே பதிவதற்கு முன்பே வாசகத்தை வெயிட்டிங் ஹாலில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் டெஸ்ட். மாத்திரை போடலாமா, கூடாதா? உடனே பதில் தரவும்.

என்ன டெஸ்ட்? என்ன மாத்திரை? ஊர்கூட எழுதவில்லை. இதை நீங்கள் படிக்கும்போது டெஸ்ட் முடிந்தே போயிருக்கும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் வழக்கம்போலப் போடலாம். ஃபாஸ்டிங் ரத்தம் கொடுப்பதற்கு முன் காலைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வேண்டாம். கையில் எடுத்து வாருங்கள், ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறாதீர்கள், ஒருபோதும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். மெசேஜ் எதையும் நிறுத்தச் சொன்னாலும் அவரைக் கேளுங்கள்.

அப்பாவுக்குக் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), காலை 10 மணிக்கு. முதல் நாள் மதியம்தான் மெசேஜ் வந்தது: ‘பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்கவும்.’ மொத்தமும் இரவே குடித்தார். குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பேரையூர்க்காரர்கள்.

உங்கள் அப்பாவின் இரண்டு லிட்டரும் வீணாய்ப் போனதற்கு வருந்துகிறேன். அந்தப் பேதிப் பவுடரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

பாதி முந்தைய மாலை, மீதிப் பாதி பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு என்று பிரித்துக் குடித்தால்தான் நன்றாகச் சுத்தமாகும். கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் கிடையாது. பத்து மணிக்கு என்றால் இரண்டாவது பாதி அதிகாலை ஐந்துக்கு. பேரையூரிலிருந்து அந்த வயிற்றோடு பஸ்ஸில் வர முடியுமா? வெளியூர்க்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் நேரம் கேளுங்கள், அல்லது முதல் நாளே மதுரை வந்து தங்குங்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் கூட ஓர் ஆள் கட்டாயம்.

மெசேஜ் முதல் நாள் வந்ததுதான் பெரிய தப்பு. இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், குடலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். கீரை, கொய்யா, முருங்கைக்காய், எள்ளை இரண்டு மூன்று நாள் முன்பே விட வேண்டும். ஆக ஏழு நாள் முன்பு ஒரு மெசேஜ், மூன்று நாள் முன்பு ஒன்று, முந்தைய மாலை ஒன்று. அடுத்த முறை தேதி வாங்கும்போதே இதெல்லாம் எழுதிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கு ‘சாப்பிடாமல் வரவும்’ என்று ஒரு மெசேஜ், ‘நிறையத் தண்ணீர் குடித்து வரவும்’ என்று இன்னொன்று. எது சரி?

இரண்டும். பித்தப்பை தெரிய வயிறு காலியாக இருக்க வேண்டும், அடிவயிறு தெரிய மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு சுமார் ஒரு லிட்டர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காருங்கள்.

சர்க்கரைக்காகக் கண் பரிசோதனை. ‘துணைக்கு ஆள் அழைத்து வரவும்’ என்கிறார்கள். டூவீலரில் தனியாகப் போய் வந்துவிடலாம்தானே? (திருநகர்)

வேண்டாம். சொட்டு மருந்தில் கண் பாப்பா விரிந்தால் நாலு, ஆறு மணி நேரத்துக்கு வெயிலும் கூசும், பக்கத்து எழுத்தும் தெரியாது. பைபாஸ் ரோட்டில் உங்களுக்கு எதிரே வருகிறவரையும் நினைத்துப் பாருங்கள்.

என் மனைவிக்குப் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் சோதனை) எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கான மெசேஜ் என் போனுக்கு, டெஸ்ட் பெயரோடு வந்தது. என் மகன் படித்துவிட்டு ‘அம்மாவுக்கு கேன்சரா?’ என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

படிவத்தில் உங்கள் நம்பரை எழுதியது யார்? அநேகமாக நீங்களே. கவுன்டரில் மனைவி நிற்க, கணவர் தன் நம்பரைச் சொல்வதைத் தினமும் பார்த்தவன் நான். உசிலம்பட்டி அம்மாவுக்கு வர வேண்டிய மெசேஜ் பெங்களூரு மகனுக்குப் போகும், அவர் மீட்டிங் முடிந்து ராத்திரி பதினொன்றுக்குப் பார்ப்பார். அம்மா அதற்குள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

யாருக்குப் பரிசோதனையோ அவர் போன் நம்பர். பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருமென்றால், ‘எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் மெசேஜில் டெஸ்ட் பெயரைப் போடாமல் ‘உங்கள் பரிசோதனை’ என்றால் போதும். ‘மாதவிடாய் நாளில் வேண்டாம், இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்தியமும் உள்ளே வைக்கும் கிரீமும் வேண்டாம்’ என்பதையெல்லாம் நர்ஸ் நேரில் சொல்லட்டும். பையனிடம் சொல்லுங்கள், அது நோய் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் சோதனை. முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டியது.

இந்த மெசேஜ்களால் உண்மையிலேயே பலன் உண்டா?

வரச் சொல்லி ஞாபகப்படுத்துவதற்கு உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மெசேஜ் போனவர்கள் எதுவும் போகாதவர்களைவிட அதிகமாக வந்தார்கள். போன் செய்து கூப்பிட்டதற்குச் சமமான பலன். ஆனால் அமெரிக்காவில் கொலனோஸ்கோப்பிக்காக சுமார் 750 பேரிடம் செய்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், தானாகப் போகும் மெசேஜால் வருகிறவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. துணைக்கு ஆள் இல்லாதவருக்கு ஞாபகப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

ரிப்போர்ட் பார்க்க என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. ஏபிகே என்று முடிகிறது. திறக்கலாமா?

திறக்காதீர்கள். ஏபிகே என்றால் ரிப்போர்ட் இல்லை, போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். அழித்துவிட்டு லேப்புக்குப் போன் செய்யுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று காலை 8 மணிக்கு மாஸ்டர் செக்-அப் என்று மெசேஜ் வந்திருக்கிறது. வீடு செல்லூரில். போகலாமா?

கம்ப்யூட்டருக்குச் சித்ரா பௌர்ணமி தெரியாது, உங்களுக்குத் தெரியுமே? தேதியை மாற்றுங்கள். கூட்டத்தைத் தாண்டி எப்படியோ வந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், வழியில் இருக்கும் நீர்மோர்ப் பந்தல்களில் ஒருவராவது உங்களைச் சும்மா விடுவாரா?